அம்மா மிதித்த குமரிக்கண்டம்

இன்று மரக்காணத்திலிருந்து பாண்டிக்குப் போகும் பஸ்ஸில், முன் சீட்டு இளைஞன் நண்பனுக்குப் போனில் ஒரு வான்வழிப் படத்தைக் காட்டினான். கடலோரம் முழுக்கச் சதுரம் சதுரமாகக் கோடுகள்.

"குமரிக்கண்டத்துல மிச்சமிருக்குற சிட்டிடா! இவ்ளோ நேரா இப்ப இருக்குற மனுசனால போட முடியுமா?"

என் பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, இது எங்க உப்பளம். தோ, ரோட்ட ஒட்டி இருக்குதே, அந்தப் பாத்தி நாங்க அஞ்சு பொம்பளைங்க சேறு மிதிச்சு கெட்டியாக்குனது."

"மிஷின்லயா ஆன்ட்டி?"

"காலாலதான். பதினஞ்சு நாள் மிதிச்சோம்."

அவன் அம்மாவின் கால்களைப் பார்த்தான். "ஐயோ, போஸ்ட் போட்டுட்டேனே!"

"போட்டா இன்னா? அதுல எங்க பேரையும் போடு."

ஐந்து பெண்களின் பெயர்களையும் அம்மா சொல்லச் சொல்ல, அவன் சேர்த்துவிட்டான்.

குமரிக்கண்டம் பற்றிச் சந்தேகம் இருப்பவர்கள் இங்கே கமென்ட்டில் கேட்கலாம். கட்டியவரின் மகள்தான் பேசுகிறேன்.