கிளட்ச் அக்கா பம்ப் மாற்றிய கதை

கிளட்ச் அக்காவுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. அவளிடம் கார் ஓட்டப் பழகப் போனால் முதல் தெருமுனை திரும்புவதற்குள் தெரிந்துவிடும். "கிளட்ச், கிளட்ச், முழுசா மிதிங்க" என்று வாய் ஓயாமல் சொல்வாள். தூக்கத்திலும் அதையேதான் சொல்கிறாள் என்று அவள் வீட்டுக்காரர் சத்தியம் செய்வார்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு கார். அரதப் பழசு. பக்கத்து இருக்கையில் அக்காவின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அந்தக் கோடையில் கார் ஒரு கெட்ட பழக்கம் பழகிக்கொண்டது. காலையில் சமர்த்தாக ஓடும். வெயில் ஏறி, நெரிசலில் நின்று நின்று போக வேண்டி வந்தால், இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்துவிடும். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். பழகுகிறவர்களோ ஒவ்வொரு தடவையும் தாங்கள்தான் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக் கூனிக் குறுகினார்கள்.

அவர்களில் ஒருத்தி தபால் ஆபீஸில் வேலை பார்க்கும் அம்மாள். ஐம்பதைத் தாண்டியவள். வாதம் வந்து அவள் கணவருக்கு ஒரு கையும் காலும் சரியாக வருவதில்லை. அவரை ஊரின் மறுகோடியிலுள்ள ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி அழைத்துப் போக வேண்டும். அவர்களுடைய கார் ஓட்ட ஆளில்லாமல் வாசலில் தூசி படிந்து நின்றது. அதற்காகத்தான் பழக வந்தாள்.

ஒரு நாள் மதியம், அவள் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, ரயில்வே கேட்டில் சரியாகத் தண்டவாளத்தின் மேல் கார் இருமியது, அணைந்தது. மணி அடிக்க ஆரம்பித்தது. "கிளட்ச்!" என்று கத்தினாள் அக்கா. அந்த அம்மாள் கிளட்சை மிதித்துக்கொண்டுதான் இருந்தாள். பின்னால் வந்த ரொட்டி வேன்காரரும் சைக்கிளில் வந்த இருவரும் ஓடிவந்து தள்ளினார்கள். கார் கேட்டைத் தாண்டி மரத்தடியில் நின்றதும், அந்த அம்மாள் ஸ்டியரிங்கிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, கைப்பையை எடுத்துக்கொண்டு நடந்துபோய்விட்டாள்.

மறுநாள் போன் வந்தது. "மன்னிச்சுக்கோங்கம்மா. இந்த வயசுல இதெல்லாம் எனக்குச் சரிப்பட்டு வராது. உங்க வண்டியையும் கெடுத்துட்டேன்."

அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. சாயங்காலமே தன் கொழுந்தனைக் கூப்பிட்டாள். வயரிங் வேலை செய்பவன். எத்தனையோ முறை மின்சாரத்திடம் அடி வாங்கியதால் எல்லோருக்கும் அவன் ஷாக்கு. அவன் என்ஜினோடு ஒட்டியிருந்த பெட்ரோல் பம்பைக் கழற்றினான். உள்ளே இருந்த ரப்பர் தகடு விரிசல் விட்டிருந்தது.

"என்ஜின் சூடு மொத்தத்தையும் இதுதான் வாங்குது அண்ணி. உள்ள வர்ற பெட்ரோல் கொதிச்சு ஆவியாயிடுது. அப்புறம் இது எதைத் தள்ளும்? இதே மாதிரி புதுசு வாங்கிப் போட்டாலும் வெயில்ல இதே கததான். கரண்ட்ல ஓடுற பம்பா மாத்திடலாம்."

"எங்க வெப்ப? மறுபடியும் என்ஜின் பக்கத்துலயா?"

"பின்னாடி, டேங்குக்குக் கீழ. அங்க சூடே போகாது."

"சாவி போட்டிருந்தா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்குமா? எங்கயாவது மோதி என்ஜின் நின்னுபோனா, இது பெட்ரோல ஊத்திக்கிட்டே இருக்குமே தம்பி."

ஷாக்கு தலையைச் சொறிந்தான். அப்புறம் என்ஜின் ஆயிலின் அழுத்தத்தைப் பார்க்கும் சுவிட்ச் ஒன்றை, பம்புக்குக் கரண்ட் போகும் வயரின் இடையில் சேர்த்தான். என்ஜின் நின்றால் அழுத்தம் போகும், பம்பும் நின்றுவிடும். பழைய பம்ப் இருந்த ஓட்டையை ஒரு தகடு வைத்து அடைத்தான். முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது புது பம்ப் ரொம்ப வேகமாகத் தள்ளி, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் வழிந்து, தெருவெல்லாம் பெட்ரோல் வாடை. "இவன வெச்சுக்கிட்டு வீட்டோட எரிஞ்சு போகப்போறோம்" என்றார் அக்காவின் வீட்டுக்காரர், உள்ளே இருந்தபடியே. அழுத்தத்தைக் குறைக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிப் பொருத்திய பிறகுதான் சரியாயிற்று.

பழைய பம்பைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு அக்கா தபால் ஆபீஸ் அம்மாள் வீட்டுக்குப் போனாள். மேசைமேல் வைத்துப் பிரித்தாள்.

"வண்டிய நிறுத்துனது இதுதாங்க. நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க. நான்தான் பதறிப்போய்க் கத்திட்டேன்."

அந்த அம்மாள் விரிசலை விரலால் தடவிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். "அப்ப என் மேல தப்பே இல்லையா?"

"துளிகூட இல்ல."

நாற்காலியில் இருந்த கணவர், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடியெடுத்துச் சொன்னார்: "நான்... அப்பவே சொன்னேன்... கேட்டாளா?" அந்த அம்மாள் சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் நல்ல உச்சி வெயில். கடைத்தெருவில் ஒரு லாரி குறுக்கே நின்றுகொண்டு யாரையும் விடவில்லை. அந்த அம்மாளின் கழுத்தில் வேர்வை வழிந்தது. அக்காவின் கால் பிரேக்குக்கு மேலேயே இருந்தது. என்ஜின் இருமவில்லை, ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. லாரி விலகியதும் அந்த அம்மாள் கியரைப் போட்டு, குலுங்காமல் எடுத்தாள். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிழலில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்தாள்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு வரட்டுமா?"

"வாங்க" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தாள். சாயங்காலம் வீட்டுக்காரர் டீ போட்டு வைத்து எழுப்பும்வரை அவள் புரண்டுகூடப் படுக்கவில்லை.