என் முதுகில் வியர்க்காத கோடுகள்

எங்கள் மகனுக்கு வியர்ப்பதில்லை என்பதைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டோம். எங்கள் ஊரான தேற்றாத்தீவில் வெயில் ஏறினால் பிள்ளையின் உடம்பு கொதிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் இறங்கிவிடும். காய்ச்சல் என்றே மருந்து கொடுத்து வந்தோம். ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட முளைக்காதபோதுதான் மட்டக்களப்பில் ஒரு தோல் வைத்தியரிடம் போனோம். அவர் பிள்ளையைப் பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, உங்கட முதுக ஒருக்காப் பார்க்கணும்."

"வருத்தம் புள்ளைக்குத்தானே டொக்டர்?"

"ஓம். ஆனா அது உங்களிட்ட இருந்து வந்திருக்கலாம்."

திரைக்குப் பின்னால் என் முதுகில் அயடீன் பூசி, காய்ந்ததும் சோளமா தூவினார். மின்விசிறியை நிறுத்திவிட்டு இருக்கச் சொன்னார். வியர்வை பட்ட இடம் கருநீலமாகுமாம்.

கொஞ்ச நேரத்தில் என் கணவர், "இஞ்ச பாருகா!" என்று கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை நீட்டினார். முதுகு கறுத்திருந்தது. முள்ளந்தண்டிலிருந்து இரு பக்கமும் மேலேறி வளைந்த சில பட்டைகள் மட்டும் வெளிறிக் கிடந்தன. அங்கே ஒரு துளி வியர்வை இல்லை.

"பொம்புளைக்கு உடம்பில ஒவ்வொரு கலத்திலயும் ரெண்டு எக்ஸ் நிறமூர்த்தம், குரோமோசோம் எண்டு சொல்லுறது," என்றார் வைத்தியர். "ஒண்டு அம்மா தந்தது, மத்தது அப்பா தந்தது. ரெண்டும் வேலை செய்தாக் கூடிப்போகும். அதால நீங்க சின்னக் கருவா இருக்கக்குள்ளயே ஒவ்வொரு கலமும் ஒண்டச் சுருட்டி மூடிப்போடும். எதை மூடும் எண்டு சொல்ல ஏலாது. ஆனா மூடினா மூடினதுதான். அந்தக் கலத்தில இருந்து பெருகிறதெல்லாம் அதையேதான் மூடி வெச்சிருக்கும்."

என் எக்ஸ்களில் ஒன்றில், வியர்வைச் சுரப்பியையும் பல்லையும் உண்டாக்கும் பகுதி பழுது. நல்லது மூடிக்கொண்ட இடங்கள்தான் அந்தக் கோடுகள். மகனுக்குப் போனது பழுதான எக்ஸ். ஆண் பிள்ளை என்பதால் மாற்றுக்கு இன்னொன்று அவனிடம் இல்லை.

வீட்டுக்கு வரும்போது பேருந்தில் நான் அழவில்லை. கேள்விகள்தான் வந்தன. இந்தக் கோடுகள் அம்மாவுடையதா, அப்பாவுடையதா? ஈரலிலும் மூளையிலும்கூட இப்படி இருக்குமா? பக்கத்திலிருந்த கணவரிடம் கேட்டேன்.

"அப்ப நான் ரெண்டு பேரோடயா குடும்பம் நடத்துறன்?" என்றார் கணவர். பிள்ளையை மடியில் வைத்தபடி சிரித்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது அதையே வைத்தியரிடம் கேட்டேன்.

"மூளையும் கலவைதான். கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்," என்றார்.

மகன் இப்போது கட்டிய பல்லோடு பள்ளிக்கூடம் போகிறான். இடைவேளையில் குழாயடியில் சட்டையை நனைத்துப் போட்டுக்கொண்டு ஓடி விளையாடுகிறான். வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் சட்டையை நனைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று போன கிழமை அவனுடைய ஆசிரியை முறையிட்டார்.