நிறுக்காமல் எழுதிய எடை

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று சொல்லித் தொடங்குகிறேன். நம் ஊர் ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுத்துவந்த அருளானந்தம் டிரசரை அறிந்த நீங்கள், இதில் பொய் ஏதும் கண்டால் என்னைக் கேட்கலாம்.

செவ்வாய்க்கிழமை பூகோளப் பாடத்தின் நடுவே மாதா கோவிலில் துக்க மணி அடித்தது. நாங்கள் தங்கிப் படிக்கும் கன்னியர் மடத்துச் சமையல்காரி வாசலில் வந்து நின்று, "டிரசரு போயிட்டாக" என்றாள். காய்ச்சல் ஆறு நாள்தான் இருந்ததாம்.

அதற்கு முந்தின வாரம்தான் எங்களுக்கு அம்மை குத்த வந்திருந்தார். "எல்லாருக்கும் குத்தியாச்சுன்னு எழுதிருங்க டிரசரே, யாரு வந்து பாக்கப் போறாக?" என்றார் வாத்தியார். டிரசர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். "கையைப் பாக்காம எழுத மாட்டேன். ஒருதரம் எழுதிப் பட்டது போதும்." பிறகு குனிந்து, பெஞ்சுக்கு அடியில் ஒளிந்திருந்த ரோசம்மாளிடம், "வெளிய வா ஆத்தா, ஊசி உன்னையத் தின்னுறாது" என்றார்.

ஞாயிறு பூசைக்குப் பின் வாசிக்க அவரைப் பற்றி எழுதும்படி வாத்தியார் என்னிடம் சொன்னார். "பட்டாளத்துக் கதை மட்டும் வேண்டாம்" என்றார். டிரசர் குடித்ததால்தான் பட்டாளத்திலிருந்து நீக்கப்பட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அடக்கத்துக்கு உத்தமபாளையத்திலிருந்து வந்திருந்த காசிம் ராவுத்தர் அதே பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர். அவரிடமே கேட்டேன்.

"குடியா? யாரு சொன்னது?" என்று கோபித்தார். "பர்மாவுக்குக் கப்பல் ஏற இருந்தோம். மாசாமாசம் எங்களை நிறுத்து எழுதுறது இவுக வேலை. அந்த மாசம் நிறுக்கலை. போன மாச எடையையே பாத்து எழுதி, எல்லாரும் தகுதின்னு போட்டுட்டாக. நான் காய்ச்சல்ல பாதி ஆளாப் போயிருந்தேன். சொன்னா ஊருக்கு அனுப்பிருவாகன்னு நானும் வாயைத் தொறக்கலை."

துறைமுகத்தில் டிரசர் அவருடைய இடுப்பு வாரைக் கவனித்திருக்கிறார். அதில் புதிதாக இரண்டு ஓட்டைகள்.

"'இது எப்பக் குத்தினது காசிம்?'னு கேட்டாக. சுபேதாரு இவுககிட்ட, 'பேசாம இரு, கப்பல் ஏறட்டும்'னாரு. இவுக நேரா டாக்டர் துரைகிட்டப் போய், 'நிறுக்காம எழுதினேன், குத்தம் என்னுது'ன்னுட்டாக. அங்கனயே மூட்டை நிறுக்குற தராசுல எல்லாரையும் ஏத்துனாக. ஏழு பேரைத் திருப்பி அனுப்புனாக. எனக்கு உசுரு மிஞ்சிச்சு. இவுகளுக்கு வேலை போச்சு."

டிரசரின் மனைவி மரியம்மாள் அத்தையிடம், "இதை எழுதலாமா?" என்று கேட்டேன்.

"பொய்யா எழுதினதையும் எழுது ஆத்தா. ஊரு குடிகாரன்னப்ப, 'அதைவிடப் பெரிய தப்பு பண்ணிருக்கேன் மரியா'ன்னு சிரிப்பாக. அதை அவுக ஒருநாளும் மறைக்கலை. நாம ஏன் மறைக்கணும்?"

இதுவரை எழுதியதை வாத்தியாரிடம் கொடுத்தேன். பார்க்காமல் எழுதச் சொன்ன அவருடைய வார்த்தையும் அதில் இருந்தது. இரண்டு முறை படித்தார். மேசையிலிருந்து அம்மை குத்திய பட்டியலை எடுத்தார். அன்று பள்ளிக்கு வராத இருவரின் பெயருக்கு எதிரே டிரசர் வெற்றிடம் விட்டிருந்தார். "இது இப்படியே இருக்கட்டும். புது டிரசர் வந்ததும் அந்தப் பிள்ளைகளை நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார். "உன் கட்டுரையையும் நானே வாசிக்கிறேன். ஒரு வரியும் அடிக்காதே."

டிரசரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வெற்றிடத்தைத்தான். பார்க்காததை எழுதாமல் விடவும், எழுதிவிட்டால் போய்ச் சொல்லவும் என்னால் முடியும் என்று இப்போது நம்புகிறேன்.

மடத்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள். இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன். காலையில் கண்ணால் பார்த்த பிறகே கீழே என் பெயரைப் போடுவேன்.