வாத்தியார் கட்டிய நூற்று நாற்பது ரூபாய்

நான் பாதுகாத்து வரும் பழைய காகிதங்களில், சென்னையிலிருந்து ஒரு கம்பெனி திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த ஆயில் இன்ஜின் கடைக்கு எழுதிய தட்டச்சுக் கடிதம் ஒன்று உண்டு. தேதி இருந்த மூலையைப் பூச்சி அரித்துவிட்டது. பின்பக்கம் ‘தை 9, வரவு’ என்று நானே எழுதியிருப்பதால் 1961 ஜனவரி என்று கொள்கிறேன். முதல் இரண்டு வரி முதலாளியின் மறைவுக்கு அனுதாபம். மூன்றாவது வரியில், கடை தரவேண்டிய இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மார்ச் 31க்குள் டிராஃப்ட் எடுக்காவிட்டால் ஏஜென்சி வேறொருவருக்குப் போகும் என்றிருந்தது.

முதலாளி கார்த்திகையில் மாரடைப்பில் இறந்தார். கடைக்கு வெளியே நிற்கும் பாக்கி நாலாயிரத்துக்குக் குறையாது என்பது எங்களுக்குத் தெரியும். யாரிடம் நிற்கிறது என்பதுதான் தெரியாது. அவர் எழுதி வந்தது நாள்வழி நோட்டு மட்டுமே. அதிலும் பெயர் இருக்காது. ‘இரும்பை, சிவப்பு மாடு’, ‘அனந்தபுரம் பக்கம், வாத்தியார்’, ‘திருவக்கரை, மூணு மச்சான்’ என்று ஊரையும் ஆளின் அடையாளத்தையும் போட்டு எதிரே தொகை எழுதுவார். அவருக்கு அது போதும். கடன் வாங்கியவருக்கும் போதும். நடுவில் ஒருவர் போய்விட்டால் என்ன ஆகும் என்பதை இருவருமே யோசித்ததில்லை.

முதலாளியம்மா அதுவரை கடைப்படி ஏறியவரல்லர். கருமாதி முடிந்து சில வாரத்தில் ஒருநாள் வந்து, கணவர் உட்கார்ந்த நாற்காலியில் அமராமல், பெல்ட் கட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். விழுப்புரத்திலிருந்து காலைப் பாசஞ்சரில் வந்து போய்க்கொண்டிருந்த நான் அவருக்காகப் புதிதாக ஒரு பேரேடு தொடங்கினேன். ஆளுக்கொரு பக்கம். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. மேலே, பணம் என்றைக்குத் தரவேண்டும் என்ற கட்டம். அந்தக் கட்டத்தில் நான் தேதி போட்டுக்கொண்டே போனதைப் பார்த்துவிட்டு, “இன்னாங்க கணக்கரே, தேதி பாத்துக்கினா செடி காய்க்குது? மல்லாட்டை புடுங்கினாதான் அவுங்க கையில காசு” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் சம்பா, கரும்பு, மல்லாட்டை என்று எழுதினோம். என் மனநிம்மதிக்காகப் பக்கத்தில் சின்னதாகத் தேதியும் போட்டுக்கொள்ள அனுமதித்தார். அப்படிப் பிரித்தபோதுதான் நிலைமை புரிந்தது. சம்பா அறுத்தவர்களிடம் இப்போதே கேட்கலாம். நிலக்கடலை போட்ட மல்லாட்டைக்காரர்கள் சித்திரைக்கு முன்னால் தர முடியாது. கம்பெனியின் கெடுவோ பங்குனியில் முடிகிறது.

எல்லோருக்கும் எழுதுவது என்று முடிவானது. கார்டு போட்டால் செலவு குறைவு என்றேன். கார்டைத் தபால்காரர் தெருவுக்கே படித்துக் காட்டிவிடுவார், கவரில்தான் போக வேண்டும் என்றார் அவர். வாசகமும் அவருடையதே: ‘எங்கள் குறிப்புப்படி தங்கள் பேரில் இவ்வளவு நிற்கிறது. தவறாக இருந்தால் தயவுசெய்து திருத்தவும்.’ கொடு என்ற சொல்லே அதில் கிடையாது. அடையாளங்களுக்கு விலாசம் தேடுவது என் வேலை. சந்தை நாளில் வருகிறவர்களை விசாரித்துச் சிவப்பு மாட்டுக்காரரையும் மூன்று மச்சான்களையும் கண்டுபிடித்தேன். அனந்தபுரம் பக்கத்து வாத்தியார் என்றதும், அங்கே ஒரு கிராமத்து மாதா கோயில் பள்ளியில் வேலை பார்த்து வந்தவரின் பெயரை ஒருவர் சொன்னார். மேற்கொண்டு விசாரிக்காமல் நூற்று நாற்பது ரூபாய் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பணம் ஐந்தும் பத்துமாக வந்தது. மார்ச் 31 பெரிய வெள்ளி, பாங்க் விடுமுறை. ஆகவே எங்களுக்கு வியாழன்தான் கடைசி நாள். புதன் மாலை எண்ணியபோது நூற்றுப் பத்து ரூபாய் குறைந்தது. முதலாளியம்மா தன் வளையலைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து என்னிடம் தந்து, காலையில் சேட்டுக் கடையில் வைத்துவிடச் சொன்னார். மறுநாள் கடை திறக்கும்போதே அந்தப் பள்ளி வாத்தியார் முதல் பஸ்ஸில் வந்து நின்றிருந்தார். நூற்று நாற்பதையும் வைத்து, “பாஸ்கா பண்டிகைக்கு முன்னாடி முடிச்சிடணும்னு வந்தேங்க” என்றார். ரசீது வாங்கிக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். டிராஃப்ட் எடுத்தோம். வளையல் மடிப்புப் பிரியாமல் அம்மாவிடம் திரும்பியது.

சித்திரை நடுவில் இன்னொருவர் வந்தார். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்று அதே அனந்தபுரம் பக்கத்தில் மல்லாட்டை பயிரிடுகிறவர். பெல்ட்டும் பம்பு சாமானும் வாங்கிய வகையில் நூற்று நாற்பது பாக்கி என்று எண்ணி வைத்தார். “கவரெல்லாம் ஊருக்கே வந்துச்சாம், எனக்குத்தான் வரல. மறந்துட்டீங்களோன்னு நானே வந்துட்டேன்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டில் இருந்த வாத்தியார் இவர்தான்; தவறு என்னுடையது.

மறுநாளே அம்மாவும் நானும் பணத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பள்ளி வாத்தியாரின் நிலத்தில் ஒரே ஒரு கிணறு. அதில் இரண்டு மாடுகள் சால் இழுத்துக் கவலை இறைத்துக்கொண்டிருந்தன. இன்ஜினுக்கான மேடைகூட அங்கே இல்லை. அவருக்கு அப்போது மாதச் சம்பளம் எழுபது சொச்சம். நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுப் பணத்தை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

“நான் வாங்கினது பெல்ட்டு இல்லீங்க. அது ஒங்க நோட்டுல இருக்காது” என்றார்.

“எவ்ளோங்க வாங்கினீங்க?” என்று அம்மா கேட்டார்.

“கவர்ல போட்டிருந்தீங்களே. அவ்ளோதான்.”

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பணத்தை என்னிடமிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, மாடுகளுக்கு என்ன வயது என்று விசாரித்தார். திரும்பும் பஸ் செஞ்சியைத் தாண்டியது. அதன்பின், “அவருக்கும் ஒரு பக்கம் போடுங்க கணக்கரே. வரவுல எழுதிக்கினு அப்படியே வுட்டுடுங்க” என்றார். அப்படியே எழுதினேன். இடது பக்கம் வெறுமை. நான் அந்தக் கடையை விட்டு வந்த 1967 வரை அந்தப் பக்கம் முடிக்கப்படவில்லை.

முதலாளியின் நாள்வழி நோட்டுகள் பதினொன்றையும் நான் இருமுறை வரிவரியாகப் பார்த்திருக்கிறேன். பள்ளி வாத்தியாரைக் குறிக்கும் அடையாளம் எதுவும் அவற்றில் இல்லை. முதலாளி நோட்டில் ஏறாமல் கைமாற்றுக் கொடுக்கும் வழக்கம் உள்ளவர் என்று இருவர் சொன்னார்கள். எவ்வளவு, யாருக்கு என்று அவர்களுக்கும் தெரியாது. அந்த நூற்று நாற்பது ரூபாய் உண்மையிலேயே அந்த வாத்தியார் பட்ட கடன்தானா என்பதை இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.