பல் தெரிந்த அறுபதாம் கல்யாணம்

என் கணவருக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். போட்டோவில் என் மஞ்சள் பல் தெரியுமே என்று மகளுக்குக் கவலை. பல் என் வாயில், வெட்கம் அவளுக்கு. வெளுக்க வைக்கப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"உமிக்கரி போட்டுத் தேச்சு எனாமல் தேய ஆரம்பிச்சிருக்கும்மா. இப்ப வெளுக்க வச்சா கூச்சம் தாங்கமாட்டீங்க. முதல்ல பல்லைக் காப்பாத்துவோம்" என்றார் டாக்டர். உமிக்கரியை அன்றே நிறுத்தினேன்.

கோயிலில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்தபோது போட்டோக்காரர், "வாயை மூடிச் சிரிங்கம்மா" என்றார். மகள் சொல்லி வைத்திருக்கிறாள். முதல் தாலி ஏறிய அன்று, மணப்பெண் பல் தெரியச் சிரிக்கக் கூடாது என்று மாமியார் சொன்னார். அன்று மூடிக்கொண்டேன்.

"போன கல்யாணத்துல மூடியாச்சு தம்பி, இப்ப எடுங்க" என்று கடைவாய்ப்பல் வரை காட்டிச் சிரித்தேன்.