உம்மா ஒட்டிய பூக்கள்

கோதுமை மாப் பசையைக் கிளறியதும் எழுந்த வாசம், சுனாமி கொண்டுபோன எங்கள் சாய்ந்தமருது வீட்டுக்குள் என்னைத் தள்ளிவிட்டது.

அந்த வீட்டின் பலகைச் சுவரில் உப்புக்காற்று நுழையாமலிருக்க உம்மா பழைய பத்திரிகைகளை ஒட்டுவா. பிறகு பிஸ்கட் பெட்டித் தாளில் ரோசாப்பூக்களை வெட்டி, பத்திரிகையிலுள்ள ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒட்டுவா.

"ஏன் உம்மா மறைக்கிறீங்க?"

"இத்தின முகம் பாத்திட்டு நிக்கக்குள்ள நாம எப்பிடி மகள் தொழுற?"

நான் வாய் பிளந்து நிற்பேன். கோட்டுப் போட்ட பூ, மட்டை பிடித்த பூ, மாலை போட்ட பூ. இப்படியொரு உலகத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இன்று, வீடு இருந்த மணலைப் போனில் படமெடுத்துப் பெரிதாக அச்சடித்திருக்கிறேன். அதன்மேல், அக்கரைப்பற்று மாமாவிடம் தப்பியிருந்த எங்கள் வீட்டுப் படத்தை வெட்டி ஒட்டினேன். அதில் வாசலில் உம்மா நிற்கிறா. அலையோடு போனவவின் முகம் இந்த ஒரு படத்தில்தான் மிச்சம்.

அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. போன் படத்து மணல் முழுக்க அடம்பன் கொடி பூத்துக் கிடந்தது. அதில் ஒரு பூவை வெட்டி, உம்மாவின் முகத்தில் ஒட்டினேன்.

பிறகு அந்தப் படம் இருந்த அறையிலேயே தொழுவதற்கு முஸல்லாவை விரித்தேன்.