லாத்தாவுக்குக் கட்டிய நிழல்

உச்சி வெயிலில், முற்றத்துச் செங்கல் தரையில் குந்தி உட்கார்ந்து மச்சான் கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கடலூர் முதுநகரில் அவர் வீட்டு முற்றம் அது. சுவர் நிழல் பத்து மணிக்கு எங்கே முடிகிறது, உச்சிக்கு எங்கே, மூன்று மணிக்கு எங்கே என்று மூன்று நாளாக லீவு போட்டுக் குறித்தார். அறுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி மாதம். சட்டை அவர் முதுகோடு ஒட்டியிருந்தது.

மச்சான் என் அக்கா வீட்டுக்காரர். எங்கள் வீடுகளில் அக்காவை லாத்தா என்போம். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் லாத்தாவின் இருதயத்தைக் கெடுத்துவிட்டிருந்தது. முப்பது வயதில் நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியது; ஜன்னல் இல்லாத அறையில் படுத்தால் நெஞ்சை அடைத்தது. காற்றோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அந்த வீட்டில் காற்று வரும் ஒரே இடம் முற்றம்தான். அங்கேயோ காலை ஒன்பது மணிக்கே தரை கொதிக்கும்.

நான் அப்போது சிதம்பரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். சனிக்கிழமை தோறும் பஸ் ஏறி வந்துவிடுவேன். கீற்றுப் பந்தல் போட்டுவிடலாமே என்றேன். "பந்தல் போட்டா காத்தும் வராது, வானமும் தெரியாது மாப்ளே. அவளுக்கு அது இன்னொரு ரூம்பு" என்றார். துறைமுகத்தில் படகுச் சரக்கைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. கிழிந்த படகுப் பாய் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, ஓட்டைகளைத் தைத்து, மூலைக்கொரு இரும்பு வளையம் வைத்தார்.

முதலில் நாலு மூலையையும் ஒரே மட்டத்தில் கட்டினோம். அடுத்த வாரமே ஒரு கோடை மழை. துணியின் நடுவில் தொட்டி மாதிரி தண்ணீர் தேங்கி, ஒரு கொக்கி சுவரைப் பெயர்த்துக்கொண்டு வர, எல்லாம் கட்டில் மேலேயே விழுந்தது. நல்லவேளை, லாத்தா உள்ளே இருந்தாள். "நெழலு கேட்டா கொளம் வெட்டித் தர்றாரு பாரு உன் மச்சான்" என்று மூச்சு முட்டும் வரை சிரித்தாள். மச்சான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே தானும் சிரித்தார். மறுபடி கட்டியபோது எதிரெதிர் மூலைகளில் இரண்டை உயர்த்தி, இரண்டைத் தாழ்த்தினார். தண்ணீர் கிணற்றுப் பக்கம் வழிந்து ஓடியது. காற்றும் தடையில்லாமல் வந்தது. நனைந்தால் கயிறு இறுகிக் கொக்கியை இழுக்கும் என்பதால், மழை இருட்டினாலே ஓடிப்போய்த் தளர்த்திவிடுவார்.

அந்தக் கோடை முழுக்க லாத்தா அதன் கீழேதான் இருந்தாள். கட்டிலில் சாய்ந்தபடியே கீரை ஆய்வாள், துணியின் ஓரத்தில் தெரியும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆடி மாதம் டாக்டரைத் தனியாகப் பார்த்துவிட்டு வந்த மச்சான், "ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் சுவரில் புதுக் கொக்கி அடிக்க உளியும் சுத்தியலுமாக ஏணியில் ஏறிவிட்டார். எதற்கு என்று கேட்டேன். "வர்ற சித்திரைக்குத்தான். பெரிய பாயா கட்டப்போறேன். சமையக்கட்டு வாசல் வரைக்கும் நெழலு விழணும். அதுக்குள்ள இவ எழுந்து நடமாட ஆரம்பிச்சிடுவால்ல?"

அவர் சுண்ணாம்பு எடுக்க வெளியே போன சமயம் லாத்தா என் கையைப் பிடித்தாள்.

"நான் சித்திரையப் பாக்க மாட்டேன்டா. எனக்குத் தெரியும்னு அவருகிட்ட சொல்லிடாத. பாவம், அவரு அடிச்சிக்கிட்டிருக்கட்டும்."

அவர் திரும்பி வந்ததும், "அந்தக் கொக்கிய இன்னும் கொஞ்சம் ஒசத்தி அடிங்க" என்றாள்.

ஐப்பசியில் லாத்தா மௌத்தாகிப் போனாள். முற்றத்தில், அந்தப் பாய்க்குக் கீழேதான் சுற்றிலும் சேலைகளைக் கட்டிப் பெண்கள் அவளைக் குளிப்பாட்டினார்கள். பாதியில் தூறல் பிடித்தது. மச்சான் மறைப்புக்கு வெளியே, மழையில் நின்று கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். யார் கூப்பிட்டும் நகரவில்லை. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை என்று பெண்கள் பின்னால் சொன்னார்கள்.

நாற்பது நாள் கழித்து என்னைப் பார்க்கச் சிதம்பரம் வந்தார். பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"ஆடியிலயே டாக்டரு சொல்லிட்டாரு மாப்ளே, மழைக்காலம் தாண்டாதுன்னு. அவளுக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டேன். அது ஒண்ணுதான் மனசுக்கு ஆறுதல். கடைசி வரைக்கும் சித்திரையத்தானே நெனச்சிக்கிட்டிருந்தா?"

"ஆமா மச்சான்" என்றேன்.

அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தார். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எத்தனையோ தடவை எனக்கு நுனிநாக்கு வரை வந்திருக்கிறது. லாத்தாவுக்குக் கொடுத்த வாக்கு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொள்வேன். உண்மையில் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்குக் கடைசி வரை வரவில்லை.